எந்த ஆர்.வி., ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?

அமெரிக்காவில் இருக்கும் நம் வீடுகளில் குளிர் விடத் தொடங்கியதுமே இந்தப் பேச்சு கிளம்பிவிடும். கோடையில் ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், பிள்ளைகளுக்கும் விடுமுறை, படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள வீட்டு வண்டியான ஆர்.வி. ஒன்றை எடுத்துக்கொண்டு எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா போய் வந்தால் என்ன? சாதம் வடித்து ரசம் வைத்துச் சாப்பிடலாம், பெரியவர்களுக்கு வழியில் கழிவறைக் கவலை இல்லை, தினமும் ஹோட்டலில் பெட்டியை ஏற்றி இறக்கும் வேலையும் இல்லை. நல்ல யோசனைதான். ஆனால் அடுத்த நிமிடமே எல்லோரும் வாடகைத் தளத்தைத் திறந்து, எத்தனை பேர் படுக்கலாம் என்பதை வைத்து வண்டி தேட ஆரம்பித்துவிடுகிறோம். ஆறு பேர் என்றால் ஆறு பேர் படுக்கும் வண்டி, முடிந்தது கதை.

இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட்டப் போகிறீர்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை இடம் மாறப் போகிறீர்கள், ஓட்டும்போது யார் எங்கே உட்காரப் போகிறார்கள் என்ற மூன்றுக்கும் முதலில் பதில் வேண்டும். அது கிடைத்துவிட்டால் வண்டி வகை பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

நேரக் கணக்கு

ஆர்.வி. ஓட்டுகிறவர்களிடம் 3-3-3 என்று ஒரு கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. ஒரு நாளில் 300 மைலைத் தாண்ட வேண்டாம், பிற்பகல் 3 மணிக்குள் இடம் சேர்ந்துவிட வேண்டும், சேர்ந்த இடத்தில் 3 நாள் தங்க வேண்டும். ஓய்வு பெற்ற நிதானமான ஆட்கள் இதையே 2-2-2 ஆக்கிக்கொள்வார்கள். காரில் டெக்சாஸின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஒரே நாளில் போய்ப் பழகியவர்களுக்கு 300 மைல் என்பது சிரிப்பாகக்கூட இருக்கும். ஒரு நாள் ஓட்டிப் பார்த்தால் புரிந்துவிடும்.

வாடகைக்குக் கிடைக்கும் மோட்டார்ஹோமின், அதாவது தானே ஓடும் ஆர்.வி.யின், உடல் அகலம் எட்டு அடிக்குச் சற்று மேல். இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தால் பத்து அடியை நெருங்கும். இன்டர்ஸ்டேட்டில் ஒரு லேன் 12 அடி. அதாவது இரு பக்கமும் ஒரு அடிதான் மிச்சம். அதில் 60, 65 மைல் வேகத்தில் போகும்போது பக்கத்து லேனில் ஒரு செமி டிரக் கடந்து போனால், முதலில் அதன் முகப்பிலிருந்து வரும் காற்று உங்கள் வண்டியை ஓரத்துக்குத் தள்ளும். டிரக்கின் உடல் பக்கத்தில் வரும்போது அதை நோக்கி இழுக்கும். அது தாண்டிப் போனதும் இன்னொரு ஆட்டம். ஒவ்வொரு முறையும் ஸ்டியரிங்கை லேசாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். பின்னால் அலமாரிக்குள் தட்டும் கரண்டியும் விடாமல் சத்தம் போடும். நான்கு மணி நேரம் இப்படி ஓட்டிவிட்டு இறங்கினால் தோள்பட்டை இறுகிப் போயிருக்கும்.

காற்று பலமான ஊர் என்றால் இன்னும் மோசம். வயோமிங்கில் ஐ-80 சாலையை, பலத்த காற்று அடிக்கும் நாட்களில் எடை குறைந்த உயரமான வண்டிகளுக்கு மட்டும் மூடிவிடுவார்கள். ஆர்.வி.யும் ட்ரெய்லரும் அந்தப் பட்டியலில்தான் வரும்.

அதனால் போன் காட்டும் நேரத்தோடு கால் பங்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அது காருக்கான நேரம். நான்கு மணி நேரம் என்று காட்டினால் ஓட்டுவதற்கு மட்டும் ஐந்து மணி நேரம் ஆகும். அப்புறம் பெட்ரோல். 50 கேலனுக்கு மேல் பிடிக்கும் டேங்கை நிரப்புவதும், அந்த நீளத்துக்கு இடமுள்ள பங்கைத் தேடி வளைத்து நிறுத்துவதும் ஐந்து நிமிட வேலை இல்லை. சாப்பாடு, பெரியவர்கள் கால் நீட்டிக்கொள்ள ஓர் இடைவெளி எல்லாம் சேர்த்தால் காலை 9 மணிக்குக் கிளம்பினவர்கள் 3 மணிக்குத்தான் போய்ச் சேர்வார்கள்.

3 மணி என்பதும் சும்மா சொன்னதில்லை. வண்டியைப் பின்னோக்கி ஏற்றி, சமமாக நிறுத்தி, மின்சாரம், தண்ணீர், கழிவுக் குழாய் மூன்றையும் இணைக்கப் புதியவர்களுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். இருட்டில் மரக்கிளையும் தெரியாது, பின்னால் இருக்கும் கல்லும் தெரியாது. போதாததற்கு, தூக்கக் கலக்கத்தால் வரும் விபத்துகள் நள்ளிரவிலிருந்து காலை 6 மணி வரையிலும், பிற்பகல் சாயும் நேரத்திலும்தான் அதிகம் என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை சொல்கிறது. மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஐந்து மணிக்கு மலைப்பாதையில் ஏறுவதை யோசித்துப் பாருங்கள்.

டிரக் ஓட்டுநர்களுக்குச் சட்டம் ஒரு பணிநாளில் 11 மணி நேரம் வரை ஓட்ட அனுமதிக்கிறது, அப்புறம் நமக்கென்ன என்று கேட்பவர்கள் உண்டு. அது பிழைப்புக்காகப் பயிற்சி பெற்றவர்களுக்கான உச்சவரம்பு. அதைத் தாண்டினால் குற்றம் என்பதற்காக வைத்தது. ஐரோப்பாவில் அதே தொழில் ஓட்டுநர்கள் நாலரை மணி நேரத்துக்கு 45 நிமிடம் கட்டாயம் ஓய்வெடுக்க வேண்டும். விடுமுறைக்குப் போகும் குடும்பத்துக்கு என் கணக்கு இதுதான்: ஒருவர் மட்டும் ஓட்டினால் போன் காட்டும் நேரம் நான்கு மணி நேரத்துக்குள், தூரம் 250 மைலுக்குள். இரண்டு பேர் மாறி மாறி ஓட்ட முடியும் என்றால் ஐந்து மணி நேரம் வரை போகலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் நிறுத்த வேண்டும். பெரியவர்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள், நீங்களாகவே நிறுத்திவிடுங்கள்.

இப்போது வண்டிகளுக்கு வருவோம்.

கேம்பர் வேன்

கிளாஸ் பி என்று சொல்வது இதைத்தான். மெர்சிடிஸ் ஸ்ப்ரின்டர், ராம் புரோமாஸ்டர், ஃபோர்டு டிரான்சிட் வேன்களுக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, சின்னக் கழிவறை எல்லாம் வைத்திருப்பார்கள். ஓட்ட எளிது, கேலனுக்குப் பெரும்பாலும் 15 மைலை ஒட்டிக் கொடுக்கும், பெரும்பாலான வாகன நிறுத்தங்களில் சாதாரண இடத்திலேயே நுழைந்துவிடும். தினமும் இடம் மாறுவதுதான் திட்டம், ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் ஓட்டியே ஆக வேண்டும் என்றால் இதைவிட நல்ல வண்டி கிடையாது.

ஆனால் இது இரண்டு பேருக்கான வண்டி. நான்கு பேர் பெல்ட் போட்டு உட்காரும் வேன்கள் உண்டு. நான்கு பேர் நிம்மதியாகத் தூங்கும் வேன் அபூர்வம். குளிக்கும் இடமும் கழிவறையும் பல வேன்களில் ஒன்றேதான், ஒருவர் குளித்தால் தரை முழுக்க ஈரம். கணவன் மனைவி மட்டும் என்றாலோ, மடியில் உட்காரும் வயது தாண்டிய ஒரே ஒரு பிள்ளை என்றாலோ கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். மாமியார் மாமனாரை ஏற்றிக்கொண்டு போகும் வண்டி இது இல்லை.

கிளாஸ் சி

ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை துருத்திக்கொண்டிருக்கும் வண்டி. நம் குடும்பங்கள் வாடகைக்கு எடுப்பவற்றில் பெரும்பாலானவை இவைதான். க்ரூஸ் அமெரிக்கா போன்ற நிறுவனங்கள் 19, 25, 30 அடி என்று மூன்று அளவில் தருகின்றன. பெரிய வண்டிகள் ஃபோர்டு ஈ-450 அடிச்சட்டத்தின் மேல் கட்டியவை. கேலனுக்கு 8 முதல் 10 மைல் ஓடும். சாதாரண ஓட்டுநர் உரிமமே போதும்.

இதில் யார் எங்கே தூங்குவது என்பதைவிட யார் எங்கே உட்காருவது என்பதை முதலில் பாருங்கள். முன்னால் இரண்டு இருக்கைகள் நல்லவை. அதில் ஒருவர் ஓட்டுநர், மற்றவர் வழி பார்த்துச் சொல்பவர். பெரியவர்கள் பின்னால் சாப்பாட்டு மேசையின் பெஞ்சிலோ பக்கவாட்டு சோபாவிலோ உட்கார வேண்டி வரும். பெஞ்சின் சாய்வு செங்கோணத்தில் நிமிர்ந்து நிற்கும், இடுப்புக்கு மட்டும் பெல்ட், ஜன்னல் தோளுக்குக் கீழே இருக்கும். பின்சக்கரங்களுக்கு அருகில் உட்கார்ந்தால் ஒவ்வொரு மேடுபள்ளமும் முதுகில்தான் இறங்கும். மூட்டுவலி உள்ள அம்மாவால் அங்கே இரண்டு மணி நேரம் தாங்க முடியும், ஐந்து மணி நேரம் முடியாது. பக்கவாட்டில் உட்கார்ந்தால் தலைசுற்றலும் குமட்டலும் வரும். குழந்தை இருக்கையை முன்னோக்கிய பெஞ்சில், அந்த வண்டியின் பெல்ட் அதற்கு ஏற்றதா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பொருத்த வேண்டும். பக்கவாட்டு, பின்னோக்கிய இருக்கைகளில் பொருத்தக் கூடாது. வண்டி ஓடும்போது எழுந்து போய்க் காபி போடலாம் என்பது விளம்பரப் படத்தில் மட்டும்தான் நடக்கும். பிரேக் அடித்தால் நின்றுகொண்டிருப்பவர் பறந்துபோய் விழுவார். அதில் பேச்சுக்கே இடமில்லை.

தலைக்கு மேல் உள்ள படுக்கைக்கு ஏணியில் ஏற வேண்டும். அது பிள்ளைகளுக்கு. கடைசியில் உள்ள படுக்கையைப் பெரியவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள், கழிவறையும் பெரும்பாலும் அதன் பக்கத்திலேயே இருக்கும். ஆனால் அந்தப் படுக்கை ஒரு மூலையில் ஒட்டிப் போட்டதா, இரு பக்கமும் நடக்க இடம் உள்ளதா என்று வரைபடத்தில் பாருங்கள். மூலைப் படுக்கை என்றால் உள்பக்கம் படுத்த அப்பா இரவில் எழும்போதெல்லாம் அம்மாவைத் தாண்டித்தான் வர வேண்டும்.

25 அடிக்கும் 30 அடிக்கும் வாடகையில் பெரிய வித்தியாசம் தெரியாது. சாலையில் தெரியும். பின்சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி அதிகமாக ஆக, வண்டியைத் திருப்பும்போது வால் எதிர்ப்பக்கமாக வீசும். பெட்ரோல் பங்கில் மஞ்சள் தூணை உரசுவது பெரும்பாலும் இதனால்தான். ஐந்து, ஆறு பேர் என்றால் 25 அடியிலேயே ஒட்டிக்கொண்டு படுப்பதை நான் தேர்ந்தெடுப்பேன்.

கிளாஸ் சி-யின் உண்மையான குறை வேறொன்று. வீடும் வண்டியும் ஒன்றே என்பதால், ஓல்டு ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்றைப் பார்க்கப் போனாலும் வீட்டையே கழற்றிக்கொண்டு போக வேண்டும். தினமும் காலையில் மின்கம்பி, தண்ணீர்க் குழாயைப் பிடுங்கி, அலமாரிகளைப் பூட்டி, அடுப்பின் மேல் இருக்கும் குக்கரை எடுத்துக் கீழே வைத்து, அப்புறம் கிளம்ப வேண்டும். எல்லோஸ்டோனில் கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்று உள்ள மிட்வே நிறுத்தம் போன்ற இடங்களில் பெரிய வண்டிக்கான இடங்கள் குறைவு, கோடையில் முற்பகலிலேயே நிரம்பிவிடும். இதற்கு நான் சொல்லும் வழி, வீட்டில் உள்ள சொந்தக் காரையும் கூடவே ஓட்டிக்கொண்டு போவது. இரண்டாவது ஓட்டுநர் இருந்தால் போதும். பெரியவர்கள் காரில் வசதியாகச் சாய்ந்து வருவார்கள், தங்கும் இடத்தில் ஆர்.வி. நின்ற இடத்திலேயே நிற்கும், சுற்றிப் பார்ப்பதெல்லாம் காரில். காருக்கான பெட்ரோல் கூடுதல் செலவுதான். ஆனால் முழுப் பயணத்தையும் காப்பாற்றுகிற செலவு அது.

இழுத்துச் செல்லும் ட்ரெய்லர்

விலை குறைவு, உள்ளே இடம் அதிகம், நிறுத்திக் கழற்றிவிட்டால் இழுத்த வண்டி சுற்றிப் பார்க்கக் கிடைக்கும். ஒரே இடத்தில் நான்கைந்து நாள் தங்குகிறவர்களுக்கு இதுதான் சிறந்தது. ஆனால் எதைக் கொண்டு இழுப்பது என்ற கேள்வியில்தான் பலருக்கும் கணக்கு தப்புகிறது.

நம்மில் பலரிடம் இருப்பது ஹோண்டா ஒடிசி, டொயோட்டா சியன்னா. இவை இழுக்கும் எடை அதிகபட்சம் 3,500 பவுண்டு, புதிய சியன்னா என்றால் 1,500 பவுண்டுதான். ஹைலேண்டர் வகை எஸ்.யு.வி. என்றால் 5,000 பவுண்டு வரை. குடும்பம் தங்கும் 25 அடி ட்ரெய்லர் சாமானும் தண்ணீரும் ஏறியபின் 6,000, 7,000 பவுண்டைச் சுலபமாகத் தொடும். அதோடு ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இழுக்கும் வண்டியின் கொக்கியில் கீழ்நோக்கி இறங்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் பின்னால் வால் ஆடத் தொடங்கிவிடும். 6,000 பவுண்டு ட்ரெய்லர் என்றால் 600 முதல் 900 பவுண்டு. இந்தச் சுமை இழுக்கும் வண்டி தாங்கும் எடைக்குள்தான் அடங்க வேண்டும். ஐந்து பேரும் அவர்கள் பெட்டிகளும் ஏறியபின் 'அரை டன்' என்று சொல்லும் சாதாரண வகைப் பிக்கப் டிரக்கில்கூட மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் விளிம்புச் சீட்டில் அந்த வண்டி தாங்கும் எடை எழுதியிருக்கும். விளம்பரத்தில் போட்ட இழுவை எண்ணை விட்டுவிட்டு அந்தச் சீட்டை நம்புங்கள்.

இன்னொன்று, ஓடும்போது ட்ரெய்லருக்குள் யாரும் உட்காரக் கூடாது. பல மாநிலங்களில் சட்டமே தடுக்கிறது. தடுக்காத இடத்திலும் செய்யக் கூடாது. ஆக ஆறு பேரும் இழுக்கும் வண்டிக்குள் அடங்க வேண்டும். வழியில் அப்பாவுக்குக் கழிவறை வேண்டுமென்றால் ஓரமாக நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

ஓட்டும் நேரத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. கலிபோர்னியாவில் எதை இழுத்துச் சென்றாலும் உச்ச வேகம் 55 மைல். மற்ற மாநிலங்களிலும் 60, 65-க்கு மேல் போவது நல்லதல்ல. மாட்டவும் கழற்றவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் தினமும் இடம் மாறுகிற பயணத்துக்கு ட்ரெய்லர் ஒத்துவராது. என் கணக்கில் ஒரு நாளைக்கு 200 மைல், சேர்ந்த இடத்தில் குறைந்தது மூன்று இரவு. பிக்கப்பின் பின்தட்டில் மாட்டும் ஃபிஃப்த் வீல் என்ற வகை ட்ரெய்லர் இதைவிட நிலையாக ஓடும், ஆனால் அதற்கு 'முக்கால் டன்' என்று சொல்லும் பெரிய வகை டிரக் சொந்தமாக இருக்க வேண்டும். கோடை விடுமுறைக்கு மட்டும் போகிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை.

கிளாஸ் ஏ

பஸ் மாதிரி முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியாக இருப்பது. டீசல் எஞ்சின் பின்னால் உள்ளவற்றில் சத்தம் குறைவு, காற்று சஸ்பென்ஷன், உட்கார நல்ல சோபா. 300 மைல் ஓட்டினாலும் பின்னால் இருப்பவர்கள் அலுக்க மாட்டார்கள். ஆனால் வாடகை அதிகம், தேசியப் பூங்காக்களின் பழைய கேம்ப்கிரவுண்டுகளில் 35 அடி வண்டி பல இடங்களில் நுழையாது. கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பின் மேத்தர் கேம்ப்கிரவுண்டில் 30 அடிதான் எல்லை. பக்கத்திலேயே உள்ள ட்ரெய்லர் வில்லேஜில் 50 அடி வரை விடுவார்கள். கலிபோர்னியாவில் 40 அடியைத் தாண்டினாலும், டெக்சாஸில் 26,000 பவுண்டைத் தாண்டினாலும் தனி உரிமம் வேண்டும். வேலையெல்லாம் முடித்து மாதக்கணக்கில் சுற்றப் போகிறவர்களுக்கு நல்ல வண்டி. பத்து நாள் விடுமுறைக்கு இது தேவைப்படாது.

சாலை ஒத்துக்கொள்ளுமா

வண்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடி, அங்குலக் கணக்கில் ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். கூரை ஏ.சி.யோடு சேர்த்து கிளாஸ் சி 12 அடியைத் தொடும். காருக்கான வரைபடச் செயலிக்கு உங்கள் உயரம் தெரியாது. நார்த் கரோலினாவின் டர்ஹாமில் 11 அடி 8 அங்குல உயரத்தில் ஒரு ரயில் பாலம் இருந்தது. மேற்கூரை பிய்ந்த வாடகை டிரக்குகளின் வீடியோக்களாலேயே அது பிரபலமானது. 2019-இல் அதை 12 அடி 4 அங்குலத்துக்கு உயர்த்தினார்கள். நியூயார்க் பக்கத்தில் பார்க்வே என்று சொல்லும் கார் சாலைகளில் தாழ்ந்த பாலங்கள் ஏராளம். அங்கே ஆர்.வி. நுழையவே கூடாது.

பூங்காக்களில் விதிகள் இன்னும் கறார். கிளேசியர் பூங்காவின் 'கோயிங் டு த சன்' சாலையின் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமோ, கண்ணாடியோடு 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிகளுக்கு அனுமதி இல்லை. கிளாஸ் சி-யைக் கொண்டு போனால் அந்தச் சாலையின் அழகைப் பார்க்க ஷட்டில் பஸ்தான் கதி. ஜயன் பூங்காவில் 1930-இல் திறந்த சுரங்கத்தில், அகலமான வண்டிகளை எதிர்ப் போக்குவரத்தை நிறுத்தி, கட்டணம் வாங்கிக்கொண்டு அனுப்பிவந்தார்கள். 2026 நடுப்பகுதியிலிருந்து 11 அடி 4 அங்குல உயரத்தையோ 7 அடி 10 அங்குல அகலத்தையோ தாண்டும் வண்டிகளை அந்த வழியில் விடுவதில்லை என்று பூங்காத் துறை அறிவித்தது. ஜயனிலிருந்து பிரைஸ் கேன்யனுக்குப் போகும் நேர்வழி அதுதான். கிளாஸ் சி எடுத்தால் சுற்றிக்கொண்டு போக வேண்டும், ஓட்டும் நேரக் கணக்கும் அதோடு மாறும்.

எல்லோஸ்டோனை வைத்தே பார்ப்போம்

சால்ட் லேக் சிட்டியில் வண்டி எடுத்து வடக்கே போவது பலரும் போடும் திட்டம். வெஸ்ட் எல்லோஸ்டோன் நுழைவாயில் ஏறக்குறைய 320 மைல், பூங்காவுக்குள் ஆர்.வி. தங்கும் இடமான ஃபிஷிங் பிரிட்ஜ் வரை இன்னும் 55 மைல். போன் ஆறரை மணி நேரம் காட்டும். ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் வண்டி கையில் கிடைப்பதே பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான். அவர்கள் ஜெனரேட்டர், கேஸ், டேங்க் எல்லாம் விளக்க ஒரு மணி நேரம், அரிசி, பால், காய்கறி வாங்க ஒரு மணி நேரம். மாலை ஐந்து ஆகிவிடும்.

முதல் நாள் ஐம்பது மைல் வடக்கே உள்ள வில்லார்ட் பே மாநிலப் பூங்காவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஐ-15-ஐ ஒட்டியே இருக்கிறது. வண்டியில் எது வேலை செய்யவில்லை என்பது அன்று இரவே தெரிந்துவிடும், காலையில் போன் செய்து சரிசெய்யலாம். இரண்டாம் நாள் போக்கட்டெல்லோ, ஐடஹோ ஃபால்ஸ் வழியாக ஹென்றிஸ் லேக் மாநிலப் பூங்கா வரை 250 மைலை ஒட்டி வரும். இந்தப் பயணத்திலேயே நீண்ட ஓட்டம் இதுதான். மூன்றாம் நாள் 70 மைல் மட்டும். தூரம் குறைவு என்று ஏமாற வேண்டாம். பூங்காவில் உச்ச வேகம் 45 மைல், காட்டெருமைக் கூட்டம் சாலையில் நின்றுவிட்டால் அது நகரும்வரை நாமும் நிற்க வேண்டும். ஆனால் இதற்காகத்தானே வந்தோம்.

ஃபிஷிங் பிரிட்ஜில் மூன்று இரவு. எல்லோஸ்டோனுக்குள் மின்சாரம், தண்ணீர், கழிவுக் குழாய் மூன்றும் உள்ள ஒரே இடம் இது. கரடிகள் நடமாடுவதால் கெட்டியான சுவருள்ள வண்டிகளை மட்டுமே விடுவார்கள், துணிக்கூரை ட்ரெய்லருக்கு அனுமதி இல்லை. 7,700 அடிக்கு மேல் உயரம் என்பதால் ஜூலையிலும் இரவு குளிர் எலும்பில் இறங்கும். பெரியவர்கள் இருந்தால் ஹீட்டர் இரவு முழுக்க ஓட வேண்டும், மின் இணைப்பு இருந்தால் பேட்டரிக் கவலை இல்லை. 142 மைல் உள்ள கிராண்ட் லூப் சாலையை ஒரே நாளில் சுற்ற முயலாதீர்கள். கீழ் வளையம் ஒரு நாள், மேல் வளையம் ஒரு நாள்.

அப்புறம் 60 மைல் தெற்கே கிராண்ட் டீட்டனின் கோல்டர் பேயில் இரண்டு இரவு. அங்கேயும் முழு இணைப்பு உண்டு. திரும்பும்போது ஜாக்சனிலிருந்து ஆல்பைன், ஆஃப்டன் வழியாக பேர் லேக் போய் ஓர் இரவு தங்கலாம். ஐடஹோ ஃபால்ஸ் பக்கம் குறுக்கு வழி என்று போன் டீட்டன் கணவாயைக் காட்டினால் ஏறிவிடாதீர்கள். அங்கே சரிவு 10 சதவீதம். மற்ற இறக்கங்களிலும், கனமான வண்டிக்கு ஏற்றபடி கியரை மாற்றும் டோ-ஹால் பொத்தானை அழுத்திக் குறைந்த கியரில் மெதுவாக இறங்குங்கள். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கடைசி இரவு மறுபடியும் வில்லார்ட் பே. வண்டியைப் பெரும்பாலும் காலை 11 மணிக்குள் ஒப்படைக்கச் சொல்வார்கள், அதற்குள் கழிவு டேங்க்கைக் காலி செய்து பெட்ரோலும் நிரப்ப வேண்டும்.

மொத்தம் ஒன்பது இரவு, பூங்காவைச் சுற்றிப் பார்ப்பதையும் சேர்த்துச் சுமார் 950 மைல். அத்தனையும் கிளாஸ் சி-யிலேயே ஓட்டினால் 100 கேலன் பிடிக்கும், கேலன் மூன்றரை டாலர் என்றால் 350 டாலர். பல நிறுவனங்கள் மைலுக்கும் ஜெனரேட்டர் ஓடும் நேரத்துக்கும் தனியாகக் கட்டணம் போடுவார்கள், அதைச் சேர்த்துத்தான் வாடகையை ஒப்பிட வேண்டும்.

இந்தத் திட்டத்துக்கு, தாத்தா பாட்டி, இரண்டு பிள்ளைகளோடு ஆறு பேர் என்றால், 25 அடி கிளாஸ் சி, கூடவே சொந்தக் காரோ வாடகைக் காரோ. இரண்டாவது ஓட்டுநர் இல்லை என்றால் ஆர்.வி.யையே விட்டுவிட்டு மினிவேனில் போய், சமையலறை உள்ள கேபினில் தங்குவதுதான் பெரியவர்களுக்கு நல்லது. இரண்டு பேர் மட்டும் என்றால் வேன், அதன் நீளமும் அகலமும் அந்தச் சாலையின் வரம்புக்குள் இருந்தால் கிளேசியரையும் சேர்த்துக்கொள்ளலாம். சொந்தமாகப் பிக்கப் இருந்து, கோல்டர் பேயிலேயே ஒரு வாரம் தங்கிப் பார்க்கப் போகிறவர்கள் ட்ரெய்லர் எடுக்கட்டும்.

எதை எடுத்தாலும் பதிவு செய்யும் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் ஃபிஷிங் பிரிட்ஜிலும் கோல்டர் பேயிலும் இடம் கிடைக்கிறதா என்று பாருங்கள். கோடை நாட்களுக்கு மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். பதிவு செய்யும்போதே வண்டியின் நீளத்தைக் கேட்பார்கள், 25 அடி என்று சொல்லிவிட்டு 30 அடியோடு போனால் உள்ளே விடமாட்டார்கள். இடம் உறுதியான தேதிகளை வைத்து வண்டியைப் பேசுங்கள். முடிந்தால் அப்பா அம்மாவையும் வண்டி நிற்கும் இடத்துக்கு அழைத்துப் போய், அந்தப் பெஞ்சில் கால் மணி நேரம் உட்காரச் சொல்லிப் பாருங்கள்.